தோடர் எம்பிராய்டரிய காரைக்குடில விக்க எந்த வழி: ஹோட்டல் கவுன்டரா, அரசு கடையா, ஆன்லைனா?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளப் பாக்க வர்ற டூரிஸ்ட் திரும்பிப் போகும்போது எதையாவது வாங்கிட்டுப் போகத்தான் பாக்குறாங்க, ஆத்தங்குடி தரைக்கல்லத் தூக்கிட்டுப் போக முடியாது, அதனால கண்டாங்கி சேலையும் கொட்டான்ங்கிற ஓலைக் கூடையும் ஓடுது. அதோட சேத்து நீலகிரில இருக்கிற தோடர் பழங்குடிப் பெண்கள் கையால தைக்கிற எம்பிராய்டரியையும் வெச்சு விக்கலாமேன்னு சில கடைக்காரங்க கேக்குறாங்க. தாராளமா விக்கலாம். ஆனா எந்த வழிய எடுத்தாலும் நான் முதல்ல பாக்குறது ஒண்ணுதான், பீஸக் கைல வாங்குன அன்னைக்கே தைச்ச அம்மாவுக்குப் பணம் போச்சா?

அரசு வழில நம்பிக்கை அதிகம். தமிழ்நாடு அரசோட கைவினைக் கடையான பூம்புகார் 1973-ல இருந்து இருக்கு, பழங்குடிப் பொருள்களுக்கான மத்திய அரசு அமைப்பு ட்ரைஃபெட் 1987-ல வந்தது, ட்ரைப்ஸ் இந்தியாங்கிற பேர்ல பழங்குடி மக்களோட பொருள வாங்கி ட்ரைஃபெட்டே கடை போட்டு விக்குது. தைக்கிறவங்க நேரா அங்க குடுக்க முடிஞ்சா நல்லதுதான், ஆனா காரைக்குடில கடை வெச்சிருக்கிற உங்களுக்கு அதுல பெருசா வேலை இல்ல.

ஆன்லைன்ல இப்ப ஒரு வசதி இருக்கு, 2023 அக்டோபர்ல இருந்து சின்ன வியாபாரி ஜிஎஸ்டி பதிவு இல்லாமயே மாநிலத்துக்குள்ள மட்டும் அமேசான் மாதிரி தளங்கள்ல விக்கலாம். ஆனா கமிஷன், கூரியர், ரிட்டர்ன் எல்லாம் போக கைல நிக்கிறது கம்மி. அதவிடப் பெரிய சிக்கல் போட்டோ. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணில செவப்பு, கறுப்பு நூல வெச்சுத் தைக்கிறாங்க, முன்னாடியே டிசைன் வரையிறது கிடையாது, துணியோட இழைய எண்ணி எண்ணித்தான் ஊசி போகும், பின்பக்கம் திருப்பினாக்கூட அழகு குறையாது. இந்த உழைப்பு போட்டோல தெரியவே தெரியாது, பக்கத்துலயே மெஷின்ல அடிச்ச நகல் பாதி விலைக்கு நின்னா வாங்குறவர் அதத்தான் அழுத்துவாரு. 2013-லயே புவிசார் குறியீடு வாங்குன வேலை, அதுக்கு இந்த நிலைமை ரொம்ப வருத்தமா இருக்கு.

அதனாலதான் என் ஓட்டு ஹோட்டல் கவுன்டருக்கு. கெஸ்ட் சாயங்காலம் முகப்புல நிதானமா உக்காந்திருப்பாங்க, ஷாலக் கைல குடுத்துத் திருப்பிப் பாக்கச் சொன்னா விலையப் பத்தின பேச்சே மாறிடும். ஆனா பெரும்பாலும் அங்க வித்த பிறகுதான் காசுன்னு சொல்லுவாங்க. 4000 ரூபா ஷால்னு வெச்சுக்குவோம், ஹோட்டல் 30 சதவீதம் எடுத்தா 1200 போச்சு, மிச்சம் 2800, அதுலதான் தைச்சவங்க கூலி, நூல், துணி, உங்க லாபம் எல்லாம், அதுவும் வித்தாத்தான். அந்தக் காத்திருப்ப ஊட்டில இருக்கிற அம்மா தலைல கட்டக் கூடாதுங்க. சரக்க நீங்க ரொக்கத்துக்கு வாங்குங்க, கொஞ்சமா வாங்குங்க, விக்காட்டி அது உங்க பொறுப்பு.

வாட்ஸ்அப்ப தனி வழியா நான் எண்ணல, கவுன்டர்ல வாங்குனவங்க நம்பர அவங்க சம்மதத்தோட வாங்கி வெச்சா அடுத்த ஆர்டர் அதுல வரும், அப்ப ஹோட்டல் பங்கும் மிச்சம், அதத் தைக்கிறவங்களுக்குக் கூலியா ஏத்திக் குடுக்கலாம்.

இன்னொண்ணு, பூத்துக்குளிங்கிற எம்பிராய்டரிப் போர்வை தோடர் மக்கள் சடங்குல போத்துறது, இறந்தவங்க உடம்புக்கும் சுத்துறது. எந்த வேலைப்பாட்ட குஷன் கவர், டேபிள் மேட்டுக்குப் போடலாம்னு அவங்களயே கேட்டுட்டு ஆர்டர் குடுங்க. லேபிள்ல செட்டிநாடுன்னு போடாம தோடர், நீலகிரின்னே போடுங்க.

இங்க கூட்டம் டிசம்பர், ஜனவரிலதான், கைவேலைய அவசரப்படுத்த முடியாது, அதனால ஆடி முடியிறதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துச் சொல்லி வெச்சிடுங்க.