மண்டெல் லோவின் ‘டிவி ஆக்‌ஷன் ஜாஸ்!’: பினாங்கில் கிடைத்த 1959ஆம் ஆண்டு இசைத்தட்டு

பினாங்கு சாலையை ஒட்டிய ஒரு மாடிக் கடையில் சென்ற மாதம் 70 வெள்ளி கொடுத்து இந்த எல்பி இசைத்தட்டை வாங்கினேன். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான ஆர்சிஏ ‘கேம்டன்’ என்ற பெயரில் மலிவு விலையில் வெளியிட்ட வரிசையைச் சேர்ந்தது என்பதால் சேகரிப்பாளர்கள் பலர் இதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். ஆனால், மண்டெல் லோ என்ற அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞரின் கை எப்படித் திரையிசைக்குப் பழகியது என்று அறிய விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அக்கால அமெரிக்கத் துப்பறியும் தொடர்களின் முகப்பிசையை ஜாஸ் குழுவுக்கேற்ப மாற்றி அமைத்த தொகுப்பு இது. ‘பீட்டர் கன்’ தொடருக்கு ஹென்றி மான்சினி அமைத்த இசையும் ‘பெரி மேசன்’ தொடரின் இசையும் இதில் உண்டு. டொனால்ட் பேர்டு ட்ரம்பெட்டும் ஹெர்பி மேன் புல்லாங்குழலும் வாசிக்கிறார்கள். உறையில் பெயர் பெரிதாக இருந்தாலும் லோ முந்திக்கொண்டு வாசிப்பதில்லை. மற்றவர்கள் மெட்டைச் சொல்லும்போது பின்னாலிருந்து அளவாகத் தாளத்துக்குத் தோள்கொடுக்கிறார். தம் முறை வந்ததும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். முதல் முறை கேட்டபோது எனக்கு இது ஏமாற்றமாகவே இருந்தது. நான்காம் முறைதான் அந்த அடக்கத்தின் அருமை புரிந்தது.

மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில் 1922இல் பிறந்த லோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரே மெக்கின்லியின் இசைக்குழுவில் வாசித்தார்; பிறகு நியூயார்க்கில் என்பிசி ஒலிபரப்பு நிலையத்தின் இசைக்கலைஞராகப் பணியாற்றினார். பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து இடைவெளியை நிரப்புவதே நிலையக் கலைஞரின் அன்றாட வேலை. திரையில் ஒருவர் பேசும்போது அவர் பேச்சை மறைக்காமல் வாசிக்க வேண்டிய இசைக்கும் அதே பக்குவம்தான் தேவை. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து தொலைக்காட்சிக்கும் திரைப்படங்களுக்கும் இசையமைக்கத் தொடங்கியவர், 1971இல் வெளிவந்த ‘பில்லி ஜாக்’ படத்துக்கும் இசையமைத்தார். ஊரும் வேலையும் மாறினவே தவிர, அவர் மாறவில்லை என்றே இந்தத் தட்டைக் கேட்கும்போது தோன்றுகிறது.

பிறருக்கு இடம்விடும் குணம் வாசிப்போடு நின்றுவிடவில்லை. பெயர் தெரியாத இளைஞராக இருந்த ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ஒலிப்பதிவைத் தொலைபேசி வழியாகவே ரிவர்சைட் இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸுக்குப் போட்டுக் காட்டியவர் லோதான். 1956இல் எவன்ஸின் முதல் தொகுப்பு பதிவாவதற்கு அந்த அழைப்பே வழிசெய்தது.

நம் வாசகர்களுக்கு இந்தப் பாதை புதிதன்று. இளையராஜாவும் ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் கிதார் வாசித்துப் பழகிய பிறகுதான் 1976இல் தம் பெயரில் இசையமைக்க வந்தார். குழுவில் ஒருவராக உட்கார்ந்து ஒவ்வொரு கருவியின் இயல்பையும் அருகிலிருந்து கேட்டவரின் எழுத்தில் ஒரு தனித் தெளிவு உண்டு. லோவின் தட்டிலும் அதைக் கேட்கிறேன்.

இனி, தட்டின் நிலை. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் உறையின் மூலைகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. முதல் பக்கத்தின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு வெண்திட்டும் இருந்தது. காய்ச்சி வடித்த நீரில் மென்துணியை நனைத்து, பள்ளங்களின் போக்கிலேயே இருமுறை துடைத்த பிறகு இரைச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. இதற்கு முன் வேறொரு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கிய தட்டு நெளிந்து வந்ததால், கேட்காமல் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். இந்தக் கடையின் பெரியவரோ, “தம்பி, ரெண்டு பக்கமும் போட்டுக் கேட்டுட்டு எடுங்க” என்று சொல்லி, ஊசியைத் தாமே தூசி துடைத்து இறக்கினார். கீறல் எங்கே இருக்கிறது என்பதையும் நான் கேட்கும் முன்பே விரலால் காட்டினார். விலை சற்று அதிகம்தான். அந்த நேர்மைக்காகப் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

லோ 1957இல் பியானோ கலைஞர் பில்லி டெய்லரோடு பதிவுசெய்த ‘எ கிராண்ட் நைட் ஃபார் ஸ்விங்கிங்’ தொகுப்பின் மறுபதிப்பும் அதே கடையில் இருக்கிறது. சம்பளம் வரும்வரை அதை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.