தேவை ஆவணமா, பயனர் கதையா?

ஒரு மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகள் அனைத்தையும், நிரல் எழுதும் முன்பே ஆவணமாக்குவது ஒரு வழி. அவற்றையே பயனர் கதைகளாக, அதாவது பயனர் தன் வாயால் சொல்வதுபோல் ஓரிரு வரிகளில், சிறு அட்டைகளில் எழுதி, பேசிப் பேசித் தெளிவது இன்னொரு வழி. முதலாவது, தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று ஒரு படி முடிந்தபின் அடுத்த படிக்குப் போகும் அருவி முறையைச் சேர்ந்தது. 1970இல் அந்தப் படிநிலைகளை வரைந்து காட்டிய வின்ஸ்டன் ராய்ஸே, சோதனையைக் கடைசியில் வைக்கும் எளிய வடிவம் ஆபத்தானது என்று அதே கட்டுரையில் எச்சரித்தார். பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஆவணத்தின் பலம் துல்லியம். "ஏடிஎம் பாதுகாப்பாக இருக்க வேண்டும்" என்பதைச் சோதிக்க முடியாது. "ரகசிய எண் மூன்று முறை தவறினால் அட்டையை முடக்க வேண்டும்" என்பதைச் சோதிக்கலாம். ஒவ்வொரு தேவைக்கும் எண் இட்டு, அது எந்தச் சோதனையில் சரிபார்க்கப்பட்டது என்று தடம் பிடிக்கலாம். விமானக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இதைத் தவிர்க்கவே முடியாது.

பயனர் கதை வேறொன்றைக் கேட்கிறது: "வாடிக்கையாளராகிய நான், சம்பளம் வந்துவிட்டதா என்று அறிய, கடைசி ஐந்து பரிவர்த்தனைகளைப் பார்க்க வேண்டும்." இதில் எனக்கு மிகவும் பிடித்தது காரணம் சொல்லும் பகுதி. அது தெரிந்துவிட்டால், பட்டியலே வேண்டாம், ஒரு குறுஞ்செய்தி போதும் என்ற முடிவுக்கும் வரலாம். ஆனால் வேகம், பாதுகாப்பு போன்ற பொதுத் தேவைகள் அட்டைகளுக்கு இடையே எளிதில் நழுவிவிடும்.

கைபேசிச் செயலி என்றால் தயங்காமல் கதைகளையே தேர்ந்தெடுப்பேன். வேலை முடிந்தது என்று ஏற்க எவையெல்லாம் நிறைவேற வேண்டும் என்ற ஏற்பு நிபந்தனைகளை மட்டும் அட்டையின் பின்புறம் கட்டாயம் எழுதச் சொல்வேன்.