சால்மன் புடிக்க வான்கூவரா, கேம்பல் ரிவரா, போர்ட் ஆல்பர்னியா?

கனடாவோட மேக்குக் கரையில சால்மன் புடிக்க மூணு சம்மர், மூணு எடம். மொத வருஷம் வான்கூவர்லயே அரை நாள் சார்ட்டர் (கைடோட வாடகை போட்), அடுத்த வருஷம் கேம்பல் ரிவர், போன வருஷம் போர்ட் ஆல்பர்னி. நாலாவதா ரிவர்ஸ் இன்லெட் பக்கம் லாட்ஜ்ல தங்கிப் புடிக்கிறது ஒண்ணு இருக்கு, அதுக்கு நான் போனதில்ல, கூட வேல பாக்குறவர் ஒருத்தர் போயிட்டு வந்து ரெண்டு வாரம் காபி மெஷின் பக்கத்துல நின்னு அதையேதான் பேசினாரு. எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், எங்க போனா பெரிய மீனு கெடைக்கும்னு. அந்தக் கேள்விலயே தப்பு இருக்குன்னு நெனைக்கிறேன். கூட யார் வர்றாங்க, அவங்களுக்கு அலை தாங்குமா, வெறும் கையோட திரும்பினா மூஞ்சி எவ்ளோ தொங்கும், இத வெச்சுதான் எடத்த முடிவு பண்ணணும். எங்க கூட்டத்துல வீட்டுக்காரிக்கு ஃபெர்ரில போனாலே தல சுத்தும், பையனுக்கு ஒம்பது வயசு, மாமனார் தூத்துக்குடிக்காரர், கடலப் பத்தி யாரு என்ன சொன்னாலும் ஒரு "ம்ம்" மட்டும் வரும்.

நாலுமே கொஞ்சமாவது மறைவான தண்ணிதான். வான்கூவர் ஊருக்கு எதுத்தாப்புல கடல்ல வான்கூவர் ஐலண்டு, கேம்பல் ரிவரும் போர்ட் ஆல்பர்னியும் அதுலதான் இருக்கு, 450 கிலோமீட்டருக்கு மேல நீளமா ஒரு மதில் மாதிரி படுத்துக் கெடக்குது, பசிபிக் அலை வந்து மோதுறதெல்லாம் அதோட மேக்குப் பக்கம், அங்க இருக்கிற டொஃபினோ, யூக்லூலெட் ஊர் ஆளுங்க பாடு அது. கெழக்குப் பக்கம் ஜார்ஜியா ஜலசந்தி, அதுக்கு வடக்க ஐலண்டுக்கும் குட்டித் தீவுங்களுக்கும் நடுவுல ஓடுற சந்துங்க, மேக்குக் கரையிலயே நெலத்துக்குள்ள நீளமா ஓடி வந்திருக்கிற கடல் கையிங்க, இன்லெட்டுன்னு சொல்லுவாங்க, இங்கெல்லாம் நடுக்கடல்லேர்ந்து உருண்டு வர்ற பெரிய அலை வராது. ஆனா அலை இல்லன்னா தண்ணி சாதுன்னு அர்த்தம் இல்ல, அதப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இன்னொண்ணு, ஊர்ல காலா மீன இந்தியன் சால்மன்னு பேர் வெச்சு விப்பாங்கல்ல, அதுக்கும் இதுக்கும் எந்த உறவும் கெடையாது. இங்க அஞ்சு வகை: சினூக், கோஹோ, சாக்ஐ, பிங்க், சம். சினூக்குதான் பெருசு, ஸ்ப்ரிங்னும் சொல்லுவாங்க. சாக்ஐ செக்கச் செவேல்னு இருக்கும், ருசின்னு கேட்டா என் ஓட்டு அதுக்குத்தான்.

வான்கூவர சீக்கிரமா முடிச்சுடறேன். ஊர்லயே இருக்கோம், காலைல போயிட்டு மத்தியானம் வீட்டுல சாப்பிடலாம், அதுதான் அதோட பெரிய ப்ளஸ், கிட்டத்தட்ட ஒரே ப்ளஸ்ஸும் அதான். போவன் ஐலண்டு ஓரம், ஹவ் சவுண்டு, ஆகஸ்ட் செப்டம்பர்ல ஃப்ரேசர் ஆத்து முகத்துவாரம்னு சுத்துவாங்க. ஆத்துக்குத் திரும்புற மீனு கூட்டமா வர்ற வாரத்துல போனா ஜாக்பாட், ஒத்தப்படை வருஷம்னா பிங்க் வேற அள்ளும். நாங்க ஜூன்ல போனோம். ஜூன்ல இங்க சினூக்க வெச்சுக்கவே முடியாதுங்கறது பணம் கட்டினப்புறம்தான் தெரிஞ்சுது, புக்கிங் பேஜ்ல அது எங்கயோ அடில பொடி எழுத்துல இருந்துருக்கு. அஞ்சு மணி நேரத்துக்கு நாலு பேருக்கும் சேத்து 800 டாலர் சொச்சம். சினூக் ஒண்ணே ஒண்ணு வந்துச்சு, அதையும் தண்ணிலயே ஊக்கக் கழட்டி விட்டாங்க. மாமனார் கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துட்டு இருந்துட்டு, "என்ன மாப்ள, காசு குடுத்து மீனப் புடிச்சு, திரும்ப அதுக்கே வழி காட்டி வுடுதானுவ"ன்னாரு.

விடுறதுக்குக் காரணம் இருக்கு. ஃப்ரேசர் ஆத்து சினூக் எண்ணிக்கை பல வருஷமா சரிஞ்சுட்டே வந்து, 2019ல மீன்வளத் துறை, இங்க டி.எஃப்.ஓன்னு சொல்லுவாங்க, தெக்குக் கரையில பெரும்பாலான எடத்துல ஏப்ரல்லேர்ந்து ஜூலை நடு வரைக்கும் சினூக்க வெச்சுக்கக் கூடாதுன்னு போட்டாங்க, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 30 சினூக்குன்னு இருந்தத 10 ஆக்கினாங்க. அதே வருஷம்தான் பிக் பார் பக்கம் ஆத்துக்குள்ள பாறை சரிஞ்சு கெடக்குறதக் கண்டுபுடிச்சாங்க, மேல முட்ட போடப் போற மீனுக்குப் பாதையே அடைஞ்சு போச்சு. அந்தப் பக்கம் இருக்கிற ஓர்கா திமிங்கலங்களுக்கு முக்கிய சாப்பாடும் சினூக்குதான். அதனால நான் இதுக்கெல்லாம் பொலம்ப மாட்டேன். ஆனா எந்த மாசம் எத வெச்சுக்கலாம்னு பாக்காம சார்ட்டர் புக் பண்றது சுத்த மடத்தனம், அத நான் பண்ணியாச்சு, நீங்க பண்ணாதீங்க. ரூல் ஏரியாவுக்கு ஏரியா மாறும், சீசன் நடுவுலயும் மாறும், கெளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி டி.எஃப்.ஓ பக்கத்த ஒரு தடவ பாத்துடுங்க.

கேம்பல் ரிவர் வேற லெவல். வான்கூவர் பக்கத்து ஹார்ஸ்ஷூ பேல ஃபெர்ரி ஏறினா ஒண்ணே முக்கால் மணி நேரத்துல ஐலண்டுல இருக்கிற நனைமோ, அங்கேர்ந்து ஹைவே 19ல வடக்க ஒரு 150 கிலோமீட்டர். உலகத்தோட சால்மன் தலைநகரம்னு தனக்குத் தானே பட்டம் குடுத்துக்கிட்ட ஊரு. ஊருக்கு எதுத்தாப்புல க்வாட்ரா ஐலண்டு, நடுவுல டிஸ்கவரி பாசேஜ்னு ஒரு ஒடுக்கமான சந்து, வடக்கேர்ந்து ஃப்ரேசருக்குப் போற மீன்ல பெரும் பங்கு இந்த வழியாத்தான் எறங்கணும். கரையிலேர்ந்து அஞ்சு நிமிஷம் போனாலே தூண்டில் எறக்கலாம், அதனால குடுத்த காசுல பெரும்பாலும் மீன் புடிக்கவே போகுது, ஓடி ஓடிப் பெட்ரோல் எரிக்கறதுல போகல.

மேல சொன்னேனே தண்ணி சாது இல்லன்னு, அது இங்கதான். கொஞ்சம் வடக்க சீமோர் நேரோஸ்ல நீரோட்டம் 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் கிட்ட வரைக்கும் போகும். அதுக்கு நடுவுல ரிப்பிள் ராக்னு ஒரு பாறை தண்ணிக்கடில ஒளிஞ்சு நின்னு நூறு வருஷத்துக்குக் கிட்ட கப்பல்களக் கவுத்துட்டு இருந்துச்சு, 1958 ஏப்ரல் 5ந் தேதி அடியில சுரங்கம் தோண்டி வெடி வெச்சுத் தூக்கினாங்க, அணுகுண்டு இல்லாம மனுஷன் வெச்ச பெரிய வெடிகள்ல அதுவும் ஒண்ணு. இதச் சொன்னதும் வீட்டுக்காரி "ஏங்க, இங்கயா புடிக்கப் போறோம்"னு கேட்டா. கைடு இருந்தா பயமில்ல, அவங்க கடல் ஏத்த எறக்க நேரம் போட்டிருக்கிற டைடு டேபிள வெச்சுத்தான் நாளையே திட்டம் போடுவாங்க, ஓட்டம் திரும்புற நேரத்துல எந்த முனைக்குப் பின்னால சுழல் நிக்கும், அதுல குஞ்சு மீனு ஒதுங்கும், அதத் தின்ன சினூக் வரும்னு கணக்கு. ஆனா சொந்தமா போட் வாடகைக்கு எடுத்துட்டு மொத தடவயே இங்க எறங்காதீங்க.

எங்க கைடு காலைல அஞ்சரைக்கே வரச் சொல்லிட்டாரு. டவுன்ரிகர்னு ஒரு கை ராட்டினம் மாதிரி, ஒயர் நுனில ஈயக் குண்டு, தூண்டில் நரம்ப அதுல ஒரு கிளிப்ல மாட்டி 120 அடி ஆழத்துக்கு எறக்கி மெதுவா இழுத்துட்டே போவாங்க. ஃப்ளாஷர்னு பளபளன்னு ஒரு தகடு சுத்தி சுத்தி வரும், அதுக்குப் பின்னால இரை. ராடு வில்லு மாதிரி வளைஞ்சு ஹோல்டர்ல நிக்கும், மீனு கடிச்சதும் கிளிப் விட்டுட்டு ராடு படக்குன்னு நிமிரும், பாத்தா மீனு போயிடுச்சுன்னு தோணும், அப்பதான் எடுக்கணும். ரீல் இங்க சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது மீனு ஓடுறப்ப கைப்பிடியும் சேந்து பின்னால சுத்தும், கைய எடுக்கலன்னா முட்டில அடிக்கும். நான் எடுக்கல. ரெண்டு வெரல் வீங்கி, அடுத்த வாரம் ஆபீஸ்ல டைப் பண்றதே பாடாப் போச்சு.

அடுத்ததா பையன் ராட்ல ஒரு நல்ல மீனு, கைடே "இது பெருசு"ன்னு வலைய கைல எடுத்துட்டாரு. பத்து நிமிஷம் இழுத்திருப்பான், திடீர்னு ஒரு குலுக்கல், அப்புறம் கனமே இல்ல. மேல வந்தது தல மட்டும். பின்னாலயே ஒரு சீல், கடல்நாய், மொட்டத் தலயத் தூக்கிப் பாத்துட்டு முங்கிடுச்சு. சினூக் இங்க 62 சென்டிமீட்டருக்குக் கொறஞ்சா விட்டுடணும், மொத்த மீனையும் அளக்கணும், அளக்க மீனு எங்க இருக்கு? ஹேச்சரில, அதாவது பண்ணையில பொரிச்சு விட்ட மீனான்னு பாக்கலாம்னா அதுக்கு முதுகுல வால் பக்கமா இருக்கிற அடிப்போஸ் துடுப்பு வெட்டியிருக்கான்னு பாக்கணும், அந்தத் துடுப்பு சீல் வயித்துல. பையன் அழுதுட்டான். மாமனார் மட்டும்தான் அசரல, "அழாதல, கொழம்புக்குத் தலதான் ருசி"ன்னாரு. அன்னைக்கு ரெண்டு கோஹோ, ஒரு சினூக் கெடச்சுது, ஆனாலும் வீட்டுல இன்னைக்கும் பேச்சு அந்தத் தலயப் பத்திதான்.

கேம்பல் ரிவருக்கு நான் மார்க் அதிகம் போடுறதுக்கு முக்கியமான காரணம் போட்டே இல்ல, டிஸ்கவரி பியர். போட் ஏறாதவங்களுக்கு அதுவே போதும், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற மர நடைபாதை, மீன் புடிக்கன்னே கட்டினது, கைப்பிடிச் சுவர்லயே ராடு ஹோல்டர் இருக்கு, ராடு வாடகைக்கும் கெடைக்குது. மீனு மாட்டினா பக்கத்துல நிக்கிறவன் கயித்துல கட்டின வட்ட வலைய எறக்கி உதவி பண்ணுவான், யாருன்னே தெரியாதவனா இருந்தாலும். வீட்டுக்காரி போட்டுக்கு வரமாட்டேன்னு இங்க ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டே நின்னா, நாங்க திரும்பறதுக்குள்ள ஒரு பிங்க் புடிச்சு வெச்சிருந்தா, செலவு 50 டாலருக்குள்ள. லைசென்ஸ் அதுக்கும் வேணும், மறந்துடாதீங்க, சால்மன வெச்சுக்க தனியா ஸ்டாம்ப்பும் வேணும். ஊர்லேர்ந்து வந்திருக்கிற அப்பா அம்மான்னா நான்-ரெசிடென்ட் லைசென்ஸ், ஒரு நாள், மூணு நாள், அஞ்சு நாள்னு எடுத்துக்கலாம்.

பெருமைக்குப் புடிக்கிறவங்களுக்கு இங்கயே இன்னொண்ணு. 30 பவுண்டுக்கு மேல உள்ள சினூக்க டையின்னு சொல்லுவாங்க. 1924லேர்ந்து டையி கிளப்னு ஒண்ணு, ஆத்து வாய்ல இருக்கிற டையி பூல்ல மோட்டார் இல்லாம, ஒருத்தர் துடுப்பு போட, செயற்கை இரை, முள்ளில்லாத ஒத்த ஊக்கு, 20 பவுண்டு தாங்குற நரம்பு, இப்படிப் புடிச்சாத்தான் மெம்பர். சீசன் ஜூலை 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும். பல பேரு வருஷக் கணக்கா துடுப்பு போட்டும் ஒண்ணும் மாட்டாம போறாங்களாம். மாமனாருக்கு இது மட்டும்தான் புடிச்சுது, "இதுதாம்ல மீன்புடி, மத்ததெல்லாம் மெசினு"ன்னாரு.

இப்ப போர்ட் ஆல்பர்னி. நனைமோலேர்ந்து கொஞ்சம் வடக்க போயி, மேக்க திரும்புற ஹைவே 4, வழில கதீட்ரல் குரோவ்ல ராட்சச மரங்க, நிறுத்திப் பாத்துட்டுப் போங்க. இந்த ஊருக்கு ஒழுங்கான ரோடுன்னா அது ஒண்ணுதான், 2023 ஜூன்ல கேமரூன் பிளஃப்ஸ்ல காட்டுத் தீ வந்து மூடினப்ப ஊரே துண்டிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஊர் ஐலண்டுக்கு நடுவுல இருக்கிற மாதிரி தெரியும், ஆனா பசிபிக் பக்கத்துலேர்ந்து சுமார் 40 கிலோமீட்டருக்கு ஒரு இன்லெட் உள்ள வந்து இங்க முடியுது, ரெண்டு பக்கமும் மலை. காலைல தண்ணி எண்ண ஊத்தின மாதிரி இருக்கும். வீட்டுக்காரி மொத மொதல்ல போட்டுல ஏறி, மாத்திர போடாம, சிரிச்சுட்டே எறங்கினது இங்கதான். ஆனா வெயில் ஏறினதும் கீழேர்ந்து காத்து கெளம்பும், மத்தியானத்துக்கு மேல சின்னப் போட்டுங்க ஆட்டம் காணும், அதனால விடிகாலை ட்ரிப் மட்டும் எடுங்க.

இங்க ஆட்டமே சாக்ஐ. ஜூன் நடுவுலேர்ந்து ஜூலை வரைக்கும் சோமாஸ் ஆத்துக்குப் போற கூட்டம் இன்லெட்டுக்குள்ள வந்து நிக்கும், ஆத்துத் தண்ணி சூடா இருந்தா மேல ஏறாம கீழயே காத்துட்டு இருக்கும், அது மீனுக்குக் கஷ்டம், நமக்கு நல்லது. சாக்ஐ சின்ன இறால் மாதிரி பூச்சியத் தின்னுற மீனு, அதனால பெரிய இரைய மதிக்காது, ரோஸ் கலர்ல ஹூச்சின்னு ஒரு பொடி பிளாஸ்டிக் இரை, முன்னால ஊக்கே இல்லாம நாலஞ்சு ஃப்ளாஷர், மீன் கூட்டம் போற மாதிரி ஏமாத்துறதுக்கு. போட்டும் நத்தை மாதிரி போவணும். கேம்பல் ரிவர்ல ஒரு மீனுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம், இங்க ஒரே நேரத்துல ரெண்டு ராடு நிமிர்ந்துச்சு, நரம்பு ஒண்ணுக்கொண்ணு சிக்கி ஒருத்தர ஒருத்தர் திட்டிக்கிட்டோம், ஒரு நாளைக்கு இத்தனைதான்னு இருக்கிற எங்க லிமிட் ஒம்பது மணிக்கெல்லாம் முடிஞ்சுது. சண்டைன்னு பாத்தா சினூக் அளவுக்கு இல்ல, ஆறு பவுண்டு மீனுதான், ஆனா ஃப்ரீசர் நெறஞ்சுது. ஊர்ல ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் கொஞ்சம் அலையணும், பசங்களுக்கு வேற பொழுதுபோக்கும் கம்மி.

லாட்ஜ் கத சுருக்கமா: ரிவர்ஸ் இன்லெட்டுக்கு ரோடே கெடையாது, போட்டு இல்லன்னா தண்ணில எறங்குற ஃப்ளோட் ப்ளேன், ஆளுக்குப் பல ஆயிரம் டாலர், மூணு நாலு நாள் தங்கல், மீன் வெட்டி வேக்யூம் பேக் பண்ணிப் பொட்டில வெச்சுக் குடுத்துடறாங்க. உண்மையிலயே பெரிய சினூக் வேணும்னா அதுக்குப் பேர் போன எடம்தான். குடும்பத்தோட போற செலவ நெனச்சா எனக்குக் கால்குலேட்டர எடுக்கவே பயமா இருக்கு.

சொந்த லிஸ்ட் இதுதான். மொத தடவ, குடும்பமா, ஒரு வீக்எண்டுன்னா ஆகஸ்ட்ல கேம்பல் ரிவர், கண்ண மூடிட்டு. தல சுத்துறவங்க இருந்தா, இல்ல சாப்பிடத்தான் புடிக்கிறோம்னா, ஜூலை மொத ரெண்டு வாரம் போர்ட் ஆல்பர்னி. வான்கூவர் சார்ட்டர் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் மட்டும்.

கடைசியா தல மேட்டர். துடுப்பு வெட்டின சினூக், கோஹோன்னா மூக்குக்குள்ள ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு கம்பித் துணுக்கு இருக்கலாம், அதப் படிச்சா எந்த ஹேச்சரி, எந்த வருஷத்து மீனுன்னு தெரியும், அதனால தலய வெட்டி போட்டுங்கள நிறுத்துற மரீனால இருக்கிற பொட்டில போடச் சொல்லி கேக்குறாங்க. கேம்பல் ரிவர்ல எங்க சினூக்குக்குத் துடுப்பு வெட்டியிருந்துச்சு. சீட்டு கட்டி, பையில போட்டு, பொட்டிக்குள்ள தள்ளுற வரைக்கும் மாமனார் பக்கத்துலயே நின்னாரு. கார்ல ஏறினப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு ஒரே ஒரு வார்த்த கேட்டாரு: "மூக்க மட்டும் குடுத்தா போதாதாமா மாப்ள?"