110-இல் நிற்காத மானிட்டர்

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்தது. மணமேடைப் படங்கள் அத்தனையும் மங்கல். என் திரையில் பளிச்சென்று இருந்த மாப்பிள்ளை முகம், தாளில் அந்தி நேரத்தில் எடுத்ததுபோல் இருந்தது. சண்டை போடும் எண்ணத்தோடுதான் லேபுக்குப் போன் செய்தேன். அந்த அண்ணன் நிதானமாக, “தம்பி, ஃபைலே டார்க்காத்தான் இருக்கு. ஹிஸ்டோகிராமைப் பாருங்க” என்றார். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் அது. பார்த்தேன். மலை மொத்தமும் இடது ஓரத்தில், இருட்டுப் பக்கத்தில், குவிந்து கிடந்தது. மறு பிரிண்ட் செலவு என் கைக்காசு.

அதற்கப்புறம்தான் திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்கும் கலரிமீட்டர் வாங்கினேன். திரையில் வைத்து அளந்ததும் வந்த எண் 265, அதாவது சதுர மீட்டருக்கு 265 கேண்டெலா; திரை வெளிச்சத்தை இந்த அலகில்தான் சொல்வார்கள். பிரிண்டுக்குப் படம் திருத்துகிறவர்கள் வழக்கமாக வைப்பது 80-லிருந்து 120 வரை. நான் 110 என்று முடிவு செய்தேன். கேமரா கணக்கில் சொன்னால், ஒரு ஸ்டாப்புக்கும் மேல், அதாவது இரண்டு மடங்குக்கும் மேலான வெளிச்சத்தில் உட்கார்ந்து இத்தனை நாள் முகங்களை இருட்டாக்கியிருக்கிறேன்.

கருவியை மாட்டினால் அதுவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது அளந்து சொல்லும், அவ்வளவுதான். மானிட்டர் பொத்தானை நாம்தான் அமுக்க வேண்டும். டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளில், அளவீட்டுக்கு முன் வரும் ஜன்னலில் வெளிச்சத்தின் எண் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி பிரைட்னஸைக் குறைக்கலாம். இதைச் செய்யாமல் மென்பொருளில் மட்டும் 110 என்று இலக்கு கொடுத்தால், கிராஃபிக்ஸ் கார்டு வழியாக அது நிறங்களின் படிகளை நசுக்கிக் குறைக்கும். வானம் இருக்கும் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். எனக்கு விழுந்தது.

இன்னொரு கூத்தும் செய்தேன். பிரைட்னஸோடு கான்ட்ராஸ்டையும் குறைத்தேன். எல்சிடியில் பின்விளக்கைக் கட்டுப்படுத்துவது பிரைட்னஸ் மட்டும்தான். கான்ட்ராஸ்டைக் குறைத்ததும் வெள்ளை சாம்பலாகிப் படம் செத்துப்போனது. அதைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

சரி, 110 வைத்தாயிற்று. முடித்துவிட்டுச் சரிபார்த்தால் 93. மறுபடி வைத்தால் 118. ஒரு வாரம் தூக்கம் போனது. கருவிதான் பழுது என்று திருப்பி அனுப்பவும் துணிந்துவிட்டேன். கடைசியில் ஒரு சின்னச் சோதனை காட்டிக்கொடுத்தது. திரை முழுவதும் வெள்ளையாக வைத்து நடுவில் ஒருமுறை அளந்தேன். அப்புறம் சுற்றிலும் கறுப்பாக்கி, நடுவில் மட்டும் சின்ன வெள்ளைக் கட்டம் வைத்து அதே இடத்தில் அளந்தேன். எண் சடாரென இறங்கியது. மானிட்டர் மெனுவின் மூலையில் டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆன் ஆகிக் கிடந்தது. இருட்டுப் படம் வந்தால் பின்விளக்கைத் தானாகவே குறைக்கும் வித்தை அது. அதை அணைத்தேன். அறை வெளிச்சத்துக்கேற்ப ஏறி இறங்கும் சென்சாரையும் அணைத்தேன். எண் ஒன்றிரண்டுக்குள் அடங்கியது. லேப்டாப் திரையில் வேலை செய்கிறவர்கள் பேட்டரி சேமிக்கும் அமைப்பையும் பார்க்க வேண்டும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுக்கான மோடுக்கு மாறினால் என் மானிட்டரில் பிரைட்னஸ் பொத்தான் பூட்டிக்கொள்கிறது. அதனால் எல்லாவற்றையும் நாமே மாற்றக்கூடிய யூசர் மோடில்தான் வேலை. சினிமா பார்க்க, வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் போட்டுவிட்டு அணைக்க மறந்து, அப்படியே திரையை அளந்து சரிசெய்து ஒரு மாலையை வீணாக்கியதும் உண்டு. மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் ஆகாமல் அளப்பதும் வீண்தான். சூடாகும் வரை எண் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு என்னை அதிகம் ஏமாற்றியது ஜன்னல்தான். மதிய வெயிலில் 110 மங்கலாகத் தெரியும். கை தானாகப் பொத்தானுக்குப் போகும். ஏற்றிவிட்டால் கருவிக்குக் கொடுத்த பணம் தண்டம். இப்போது கனத்த திரைச்சீலை போட்டிருக்கிறேன். தலைக்குப் பின்னால் இருந்த டியூப்லைட்டை அணைத்துவிட்டு, ஒரே மேசை விளக்கில் வேலை செய்கிறேன். கருவி வாங்கக் காசில்லாதவர்கள் முதலில் திரைச்சீலை வாங்குங்கள் என்பேன்.

வயதாவதும் தெரிகிறது. வாங்கிய புதிதில் பிரைட்னஸ் 24-இல் வைத்தால் 110 வந்தது. இன்று அதே வெளிச்சத்துக்கு 33 வேண்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி மானிட்டர் முதுகில் ஒட்டி வைக்கிறேன். வீட்டில் இதைப் பால் கணக்கு என்று கிண்டல் செய்கிறார்கள்.

போன மாதம் வந்த ஆல்பத்தில் முகங்கள் நன்றாகவே இருந்தன. கறுப்புப் பட்டுப்புடவைகளில் மட்டும் மடிப்பு தெரியாமல் அடைத்துக்கொண்டிருந்தது. இலக்கை 100-ஆக இறக்கி அடுத்ததைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். வியாழக்கிழமை வரும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.