ஹட்டன் கராஜ்: வொரண்டி முடிந்த பிறகும் வழி காட்டினார்கள்

இறம்பொடை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்தாலே என் கார் உதறும். இரண்டு கிளச்சால் தானாகக் கியர் மாற்றும் இரட்டை கிளச் கியர்பெட்டி, மெதுவாக ஏறினால் கிளச் சூடாகிவிடும். வொரண்டி முடிந்துவிட்டது என்று விற்ற கம்பனியில் கைவிரித்தார்கள்.

ஹட்டனில் நான் வழக்கமாகப் போகும் கராஜ் பாஸ் ஸ்கேன் பண்ணி, காரின் கணினியில் பதிவான பிழைக் குறியீட்டைப் பிரின்ட் எடுத்துத் தந்தார். அப்புறம் கம்பனியின் பழைய ஜொப் கார்ட்களை (காரை வேலைக்கு விடும்போது குறைகளை எழுதும் சீட்டு) தேடச் சொன்னார். வொரண்டி இருந்த காலத்திலேயே 'ஏற்றத்தில் உதறல்' என்று அதில் எழுதியிருந்தது! இரண்டையும் இணைத்துக் கம்பனிக்குக் கடிதம் கொடுத்தேன். கிளச்சைக் கம்பனியே கொடுத்தது, கூலி மட்டும் என் செலவு.

தன் கைக்கு வந்த வேலையை விட்டுக்கொடுத்து வழி சொன்ன மனிதர். ஒயில் மாற்றினாலும் பில்லில் கிலோமீட்டரைக் குறித்துத் தருவார். சனிக்கிழமை கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.