ஃபோர்டு ஐகான் 1.6: ஏழு வருஷம் ஓட்டின பிறகு

2002 மாடல், பெட்ரோல். 2018-ல் 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் வருஷத்திலேயே ரிப்பேருக்கென்று இன்னொரு 70,000 இறங்கிவிட்டது. கையில் இருக்கிற மொத்தக் காசையும் வண்டி விலைக்கே கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

இதற்கு முன் பார்த்த ஐகான் இதைவிடப் பளபளப்பு. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் ஒரு சாணுக்குக் காய்ந்த சேறு. 2015 வெள்ளத்தில் நின்ற வண்டி. "அது தூசி தம்பி" என்றார் புரோக்கர். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நம்ம மறைமலை நகரில் செய்த கார் இது. ரோகேம் என்ற 1597 சிசி ஃபோர்டு இன்ஜின், உள்ளே ரப்பர் பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின், அதனால் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. விடியற்காலையில் முட்டுக்காடு தாண்டி, காலி ஈசிஆரில் மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங், சக்கரத்தில் ஒரு கல் ஏறினாலும் உள்ளங்கைக்குச் சேதி வந்துவிடும். மைலேஜ்? ஏசி போட்டுச் சிட்டிக்குள் ஓட்டினால் 9. அதற்குமேல் கேட்காதீர்கள்.

2019 கத்தரி வெயிலில் பாடி மேம்பாலத்தின் மேல் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டைத் திறந்தால் ஆவி. இழுத்துக்கொண்டு போன முதல் ஒர்க்‌ஷாப்பில் "ஹெட் கேஸ்கட் போச்சு, 35,000 ஆகும்" என்றார்கள். இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் சீல் அது. மனசு கேட்காமல் அயனாவரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதையும் கழற்றவில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் போகிற பிளாஸ்டிக் கூடான தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் அடியில் விரலை விட்டுத் தடவி எடுத்துக் காட்டினார்: உப்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு. "சார், இதுல கூலன்டே இல்ல. பழைய ஓனர் போர் தண்ணிய ஊத்தியே ஓட்டியிருக்காரு." பதினேழு வருஷத்துப் பிளாஸ்டிக்கில் தலைமுடி அளவு விரிசல். ஹவுசிங், ஹோஸ், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 4,200. அன்றிலிருந்து வேறு யாரும் இந்த பானெட்டைத் திறந்ததில்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது போன் செய்து துக்கம் விசாரித்தவர்கள் உண்டு. இன்ஜின் சாமான் இன்னும் ஜி.பி. ரோட்டில் தேடினால் கிடைக்கிறது. பாடி பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டை காயலாங்கடைதான் கதி. ஒரு கதவுக் கைப்பிடிக்காக மூன்று சனிக்கிழமை அலைந்தேன். கிடைத்தது கறுப்பு, வண்டியோ சில்வர். அப்படியே மாட்டிவிட்டேன்.

2022 ஜூலையில் ஆர்.சி. புதுப்பிக்கப் போனால், 600 ரூபாயாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலில்தான் 5,000 ஆகியிருந்தது. பசுமை வரி தனி. 2027-ல் மறுபடி போக வேண்டும்.

இன்சூரன்ஸ் தேர்ட் பார்ட்டி மட்டும்தான், என் வண்டிக்கு என்ன ஆனாலும் காசு வராது. இந்த வயசு வண்டிக்கு முழு பாலிசி எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. அதனால் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே, வெள்ளத்தில் மூழ்காமல் நிறுத்திவைக்க வேளச்சேரி மேம்பாலத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் புத்தம் புது கார்கள் வரிசை கட்டியிருந்தன. ஓரமாக இடம் விட்ட ஒருவர் கறுப்புக் கைப்பிடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதையுமா சார்?"