அரை மில்லிமீற்றர் குறைந்த நட்

திருகோணமலைக் கோணேசர் கோயிலில் அர்ச்சனை முடித்து, பிரெட்றிக் கோட்டை வாசலை நோக்கி மாமாவின் காரை இறக்கிக்கொண்டிருந்தபோது பிறேக் மிதி என் காலுக்குக் கீழே மெல்ல அமிழ்ந்து தரையைத் தொட்டுவிட்டது. பிறேக் ஒயில் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடுவதால் மற்றச் சுற்று அரைகுறையாகவேனும் பிடித்துக்கொண்டது. இல்லையேல் கோட்டைக்குள் மேய்ந்து திரியும் மான்களுக்கு அன்று நல்ல நாளாக இருந்திருக்காது. "ஹாண்ட் பிறேக்கை இழு தம்பி, பதறாதை" என்று சொன்ன மாமாவின் குரலில் பதற்றமே இல்லை. இது முதல் தடவை அல்ல என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய், அதைத் தாங்கிப் பிடிக்கும் கிளிப்புக்கு உள்ளேதான் உக்கியிருந்தது. உப்புவெளியில் கடலுக்கு இருநூறு யார் தூரம் தள்ளி 15 வருடம் நிற்கிற காருக்கு இது வியப்பில்லை. நான் இருக்கிற ரொறன்ரோவில் பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பு செய்வதை இங்கே கடற்காற்று செய்கிறது. வேறுபாடு, அங்கே துரு பிடித்தால் காரின் இலக்கத்தைக் கொடுத்து, வளைத்து முடித்த குழாயை வீட்டுக்கே வரவழைக்கலாம் என்பதுதான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதித்த நாட்டில், மாமாவின் பழைய டொயோட்டா 110 கொரோலாவை 'கழித்து விடுங்கள்' என்று சொல்வாரும் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நகரத்து உதிரிப்பாகக் கடை ஒன்றில் நான் பெருமையோடு கார் இலக்கத்தை நீட்ட, மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதைப் பார்க்கவேயில்லை. "பழசைக் கழற்றிக் கொண்டு வந்தனீங்களா?" என்று கேட்டார். ஊர் வழக்கத்தை நான் மறந்துபோயிருந்தேன். கராஜுக்கு ஓடி, நட்டோடு வெட்டிய பழைய துண்டை எடுத்துவந்து காட்டியபோது அவர் மூன்று பொருள்களை எடுத்து வைத்தார்: குளிர்சாதனப் பெட்டிக்குப் பாவிக்கும் மெல்லிய செப்புக் குழாய் ஒரு சுருள், உக்கிய இடத்தை மட்டும் வெட்டி இணைக்க ஒரு பித்தளை யூனியன், குழாய் முனையில் கோர்த்துத் திருகும், வெளிப்பக்கம் புரியுள்ள இரண்டு நட்கள். "எல்லாம் ஒரே அளவுதான் தம்பி, இது எதுக்கும் போடலாம்." அந்த 'எதுக்கும் போடலாம்' என்ற சொல்லை நம்பித்தான் மனிதர்கள் மலையிறங்குகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு வந்த கோபம், அங்கே ஒரு மணிநேரம் நின்று வாதாடும் அளவுக்குப் பெரியதாக இருந்தது. வாதாடினேன், தோற்றேன், காசையும் கொடுத்தேன்.

கராஜில் மெக்கானிக் பாஸ் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். இரண்டு மணிவரை காத்திருந்தபோது, ரொறன்ரோவில் என்றால் இவ்வளவு நேரத்தில் வேலை முடிந்திருக்கும் என்று மாமாவிடம் நான்கு தடவை சொல்லியிருப்பேன். மாமா நான்கு தடவையும் தேநீர் வாங்கித் தந்தார். கிண்ணியாவில் இருந்து வேலைக்கு வரும் அந்த பாஸ் நானா, வந்ததும் நான் வாங்கிய பொட்டலத்தை விரித்து, ஒரு நட்டை எடுத்துச் சக்கர சிலிண்டரின் துளையில் விரலால் திருகினார். இரண்டு புரி போனது. அசைத்துக் காட்டினார், ஆடியது. "இது மொரிஸ் மைனருடையது மகன். ஜப்பான் காருக்குப் பத்து மில்லி நட், புரிக்குப் புரி ஒரு மில்லி. இது எட்டில் மூன்று அங்குலம்." அதாவது 9.5 மில்லிமீற்றர் சொச்சம். அரை மில்லிமீற்றர்கூட முழுதாக இல்லாத அந்தக் குறைவில், நட் இறுகியதுபோலவே கைக்குத் தோன்றும். ஓங்கி மிதிக்கும்போது குழாய்க்குள் எழும், 100 பார் (வளியமுக்கத்தின் கிட்டத்தட்ட நூறு மடங்கு) வரையும் எட்டக்கூடிய அழுத்தத்தில் புரி உரிந்து கழன்றுவிடும். யூனியனை அவர் பேசாமலே ஒதுக்கினார். வளையத்தை நெருக்கிப் பிடிக்கும் அந்த வகை இணைப்பு தண்ணீர்க் குழாய்க்குரியது. செம்போ அதிர்வில் விறைத்து வெடிக்கும். ரொறன்ரோவில் உப்புக்கு அஞ்சிப் பலர் போடுகிற செம்பு நிக்கல் கலப்புக் குழாயைப் பற்றி நான் விளக்கத் தொடங்கினேன். நல்லதுதான், ஆனால் தன் கையில் இருப்பது பூச்சுப் பூசிய இரும்புக் குழாய் என்று முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் குந்தியிருந்து பார்த்தேன். இரும்பு வாளால் அல்ல, சுற்றி வெட்டும் சிறு கருவியால் குழாயை வெட்டி, உள்விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து, பழைய நட்களைக் கம்பித் தூரிகையால் துடைத்துப் புரியைச் சரிபார்த்து, முதலில் நட்டைக் குழாயில் கோர்த்துவிட்டு, அதன் பிறகே குழாயின் நுனி விளிம்பை விரித்து அடித்தார். கோர்க்க மறந்து அடித்துவிட்டு மறுபடி வெட்டுவது என் சொந்த அனுபவம். அதை அவரிடம் சொல்லவில்லை. முதல் அழுத்தலில் விளிம்பு குமிழியாகி, இரண்டாவதில் உள்ளே மடிந்து இரட்டையாயிற்று. ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் குமிழியோடு நிறுத்துவார்கள், இதில் மடிக்க வேண்டும், மாறினால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கசியும் என்றார். பழைய குழாயைப் பக்கத்தில் கிடத்தி, ஒவ்வொரு வளைவையும் முழங்காலில் வைத்தே எடுத்தார்.

மாமா அலுமாரியில் பத்திரப்படுத்தியிருந்த, திறந்த பாதிப் போத்தல் பிறேக் ஒயிலை நானா வாங்கவே இல்லை. அது ஈரத்தை இழுக்கும் சாமான். புதிதாக 205 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கும் டொட் 3 வகை, ஈரம் ஏறினால் 140 அளவிலேயே கொதித்து ஆவிக் குமிழி கட்டிவிடும். புதுப் போத்தல் வாங்கக் கடைக்கு மறுபடி போனபோது நட்களையும் யூனியனையும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். பற்றுச்சீட்டின் அடியில் 'விற்ற பொருட்கள் மீளப்பெறப்பட மாட்டாது' என்று இருந்ததை அவர் விரலால் சுட்டிக் காட்டினார்.

இப்போது அவை மாமாவின் பிஸ்கட் தகரத்தில் கிடக்கின்றன. மொரிஸ் மைனர் வைத்திருக்கிற யாராவது கேட்டுவந்தால் கொடுக்கலாம் என்கிறார் மாமா.